மகள் பெயரில் பாலிசியா, அப்பா பெயரிலா?

கேள்வி: சோமனூரில் சொந்தமாகத் தறி ஓட்டுகிறேன். வயது 34. வருமானம் வருஷம் 5 லட்சம் ரூபாய். தறிக் கடன் 9 லட்சம் இருக்கிறது. 2 வயது மகள் பெயரில் மாதம் 4,000 ரூபாய்க்கு ஒரு பாலிசியை மனைவியின் சித்தப்பா போட்டுக் கொடுத்தார். 18 வருஷம் கட்டினால் அவளுடைய 25 வயதில் 17 லட்சம் கிடைக்குமாம். பாண்டு (பாலிசிப் பத்திரம்) வந்து 18 நாள் ஆகிறது. என் பெயரில் பாலிசி கிடையாது. மகளுக்கு இந்தக் கவரேஜ் போதுமா?

பதில்: உங்களுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாண்டு கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைச் செலவு போன்ற சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். "அடுத்த வாரம் பேசிக்கலாம் மாப்ள" என்று சொல்லிச் சொல்லியே ஏஜென்டுகள் இந்த 30 நாளைக் கடத்திவிடுவார்கள். அலுவலகத்திலும் "ஏஜென்டைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் வாடிக்கையாளரை ஏன் இப்படி அலைய விடுகிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏஜென்ட் கையெழுத்து தேவையே இல்லை. கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்.

சரி, ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் மகள் பெயரில் உள்ள பாலிசி ஒரு ரூபாய் தராது. மாதம் 4,000 ரூபாயை உங்கள் மனைவிதான் தொடர்ந்து கட்ட வேண்டும். அப்பா இறந்தால் மீதிப் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் வசதி உண்டு. ஆனால் அதைத் தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மாதத் தொகையைக் குறைத்துக் காட்ட அதை விட்டுவிடும் ஏஜென்டுகள் அதிகம். உங்கள் பாண்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இந்த வகைப் பாலிசிகள் பலவற்றில் 2 வயதுக் குழந்தைக்கு முதல் 2 வருஷம் காப்பே தொடங்காது.

சேமிப்பாகவும் இது தேறாது. கணக்குப் போட்டால் வருஷ வட்டி 5 சதவீதத்தைத் தொடவில்லை.

உங்கள் பெயரில் 1 கோடிக்கு, 60 வயது வரை, வெறும் டேர்ம் பாலிசி, அதாவது அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி எடுங்கள். வருமானத்தைப்போல் 15 மடங்கு, அதோடு கடன் என்று கூட்டினால் 84 லட்சம் வருகிறது. புகைப்பழக்கமும் நோயும் இல்லாவிட்டால் பிரீமியம் பெரும்பாலும் வருஷம் 20,000 ரூபாய்க்குள் முடியும். மீதியில் மாதம் 2,500 ரூபாயை, தபால் நிலையத்தில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிப் போடுங்கள். 15 வருஷம் கட்டினால் போதும். 8.2 சதவீத வட்டி நீடித்தால் 21-ஆம் வருஷம் 13 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். 17 லட்சத்தைவிடக் குறைவுதான், ஆனால் இடையில் நீங்கள் இல்லாமல் போனாலும் குடும்பத்துக்கு 1 கோடி இருக்கும்.

வெற்று விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பீடி, மது, சர்க்கரை என்று எல்லாக் கேள்விக்கும் ஏஜென்டே "இல்லை" என்று நிரப்பிவிடுவார். 3 வருஷத்துக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் அதைத் தோண்டி எடுக்கும். அலையப்போவது உங்கள் மனைவி.

அப்புறம், கடன் உள்ளவர் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சாதாரண டேர்ம் பாலிசியின் பணத்தில் கடன்காரர்கள் பங்கு கேட்டு நிற்கலாம். 1874-ஆம் வருஷத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி எடுத்தால், அந்தப் பணம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டுமே உரியது. வங்கியோ வட்டிக்காரரோ அதில் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றுவதற்கென்றே எடுத்ததாக நிரூபணமானால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருமுறை பெயர் எழுதிவிட்டால் பிறகு நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது, அதை அடகு வைத்து நீங்கள் கடனும் வாங்க முடியாது. முக்கியமாக, பாலிசி எடுக்கும்போதே இதற்கான தனிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பழைய பாலிசியைப் பின்னால் இதற்குள் கொண்டுவர வழியில்லை. ஏஜென்ட் தானாக இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.