முதல் ஐந்து பேர் இருக்கட்டும், எட்டாவது ஆள் யார்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் சான் டியேகோ பாட்ரெஸ் அணியிடம் மைக்கேல் கிங், நிக் பிவெட்டா, மேசன் மில்லர் என்று ஆழமான பிட்சர் (பந்து வீசுபவர்) பட்டாளமே இருக்கும்போது 2026-லும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்தான் ஜெயிக்கும் என்று எழுதுகிறீர்களே, டாலருக்கு ஜால்ராவா?
– சான் டியேகோ வாசகர் ஒருவர்

பதில்: ஜால்ரா எல்லாம் இல்லை சார், நீங்கள் கொடுத்த பெயர்களையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

கிங் அருமையான பிட்சர்தான், ஆனால் 2025-ல் தோள்பட்டை நரம்புப் பிரச்சினையால் 15 ஆட்டங்களில்தான் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வீசும் பிட்சராக) இறங்கினார். அதே அணியின் ஜோ மஸ்க்ரோவ் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த சீசன் முழுக்க வெளியே. இன்னொரு ஸ்டார்ட்டர் யூ தார்விஷுக்கும் இப்போது முழங்கை அறுவை சிகிச்சை, 2026-ல் அவரும் கிடையாது. முழு சீசனும் தாக்குப்பிடித்தவர்கள் டிலன் சீஸும் பிவெட்டாவும்தான், அதில் சீஸ் 210 மில்லியன் டாலருக்கு டொரண்டோ போய்விட்டார். மிச்சம் பிவெட்டா ஒருவர்தான் என்றால் இதை எப்படி ஆழம் என்று சொல்வது?

டாட்ஜர்ஸ் ஆட்களுக்கு மட்டும் இரும்புக் கையா என்றால், அதுவும் இல்லை. 2025-ல் ஸ்டார்ட்டராக ஸ்நெல் 11 ஆட்டம், கிளாஸ்நோ 18 ஆட்டம்தான், ஓதானி ஜூன் மாதம்தான் பந்து வீசவே ஆரம்பித்தார். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க 22 ஆட்டங்களில் இறங்கிய கெர்ஷாவும், அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பி வந்த எம்மெட் ஷீஹனும் இருந்தார்கள். ஷீஹன் கோடி கொட்டி வாங்கிய ஆள் இல்லை, 2021 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் எடுத்த பையன். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் சுமார் 1,450 இன்னிங்ஸ் யாராவது வீசியாக வேண்டும், ஏப்ரலில் போஸ்டரில் சிரிக்கிற ஐந்து ஸ்டார்ட்டர்களால் அது நடக்காது, செப்டம்பர் வெயிலில் கூப்பிட்டால் வருகிற ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்பதுதான் விஷயம். அக்டோபரில் எல்லாரும் குணமாகித் திரும்பியபோது என்ன நடந்தது? லீக் இறுதிச் சுற்றில் மில்வாக்கியோடு ஆடிய நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து டாட்ஜர்ஸ் ஸ்டார்ட்டர்கள் விட்டுக்கொடுத்தது இரண்டே ரன்!

பணம்தான் எல்லாம் என்பதையும் முழுசாக ஏற்க மாட்டேன். உங்கள் அணியிலிருந்தே 72 மில்லியன் கொடுத்து அழைத்துப்போன, ஆட்டத்தை முடித்துக்கொடுக்க வேண்டிய டேனர் ஸ்காட் 10 ஆட்டங்களில் கையில் இருந்த முன்னிலையைத் தொலைத்தார்! புல்பென் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசும் பிட்சர்கள்) விஷயத்தில் 2025-ல் பாட்ரெஸ்தான் ராஜா, டாட்ஜர்ஸ் பரிதாபம். கடைசியில் ஸ்டார்ட்டராக வந்த சசாகியை இழுத்துப்போட்டு ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இப்போது ஆட்டத்தை முடிக்கிற எட்வின் டியாஸை வாங்கியிருக்கிறார்கள், இனி அந்த ஒரு சாதகமும் உங்களுக்கு முன்னைப்போல இல்லை.

ஆனாலும் இரண்டு அணிக்கும் நடுவே 2025-ல் இருந்தது மூன்றே வெற்றிதான், 93-க்கு 90. ஆகஸ்ட்டில் ஒரு கட்டத்தில் பாட்ரெஸ் முதலிடத்துக்கே வந்துவிட்டு, அடுத்த வாரக்கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று ஆட்டத்தையும் கோட்டைவிட்டார்கள். பிளே ஆஃபில் சிகாகோ கப்ஸிடம் தோற்றதற்குக்கூட பிட்சர்களைத் திட்ட முடியாது, மூன்று ஆட்டத்தில் மொத்தமே ஐந்து ரன் அடித்தால் யார் வீசி என்ன பயன். கடைசி ஆட்டத்தில் தார்விஷை இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்தார்கள், அதற்கப்புறம் புல்பென் மாற்றி மாற்றி வந்து சமாளித்தது.

என் கணக்கு: இரண்டு அணியும் ஆடுகிற டிவிஷனில் (பிரிவில்) முதலிடம் டாட்ஜர்ஸுக்கு, பாட்ரெஸ் வைல்டு கார்டுக்குக் (முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான பிளே ஆஃப் இடம்) கடைசி வாரம் வரை மல்லுக்கட்டும். கடைசி இன்னிங்ஸ் வீசுகிற மில்லரை ஸ்டார்ட்டராக்கினால் ஓட்டை அடைபடும் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கு 104 மைல் வேகத்தைத் தொடுகிற அந்தக் கையை ஆறு இன்னிங்ஸ் வீசச் சொல்லி, ஜூலையில் அவரும் மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒன்பதாவது இன்னிங்ஸை யாரிடம் கொடுப்பீர்கள்? முன்பு அந்த வேலையைப் பார்த்த ராபர்ட் சுவாரெஸும் அட்லாண்டா போய்விட்டார்.