வாசகர் கேள்வி: ஓடுநீர் ஆலைக்குக் கூடுதல் பணம் எந்தக் கணக்கிலிருந்து?

கேள்வி: மகள் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கடலுக்குள் நீளும் பியர் பாலத்தருகே, தெருக்களில் வழிந்தோடி வரும் நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளை மேம்படுத்தும்போது, ஒப்பந்தம் முடிவான பிறகும் பொறியியல் பணிக்கென்று நகரமன்றம் கூடுதல் தொகை ஒதுக்குவது வழக்கம் என்று மகள் சொன்னாள். மதிப்பீடு போடும்போதே இதைக் கணக்கில் எடுக்க மாட்டார்களா? அந்தப் பணம் கடைசியில் குடிநீர்க் கட்டணத்தில்தான் ஏறுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். நேரடியாக ஏறாது, அங்குள்ள சட்டம் அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த ஆலை என்ன செய்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

மழையே இல்லாத கோடை நாளிலும் ஒரு நகரத்தின் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். புல்தரைக்கு அளவு மீறிப் பாய்ச்சிய நீர், கார் கழுவிய நீர், நடைபாதையைக் கழுவிவிட்ட நீர் எல்லாம் எஞ்சின் எண்ணெயையும் நாய்க் கழிவையும் சிகரெட் துண்டுகளையும் சுமந்துகொண்டு நேரே கடலில் விழும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட இந்த ஆலை, பிகோ–கென்டர் வடிகாலிலும் பியர் வடிகாலிலும் வரும் அத்தகைய நீரைக் கடலுக்கு முன்பே மடக்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 5 லட்சம் கேலன், அதாவது சுமார் 19 லட்சம் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு. சல்லடையில் குப்பையும் தொட்டியில் மணலும் நின்றுவிடும். அடுத்து, அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரை உள்ளே விட, பொடிப்பொடியாகக் கிளம்பும் குமிழிகள் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக்கொண்டு மேலே வரும்; பருப்பு கொதிக்கையில் திரளும் நுரையைக் கரண்டியால் ஒதுக்குவதைப் போல அதை வழித்தெடுத்து விடுகிறார்கள். பிறகு நுண்வடிகட்டி, புற ஊதாக் கதிர். இந்த வேலையெல்லாம் வழிப்போக்கர் கண்ணில் படும்படி ஆலையைத் திறந்த அமைப்பாகக் கட்டியிருப்பது, நம் ஊர்ப் பொதுப்பணிகளில் நான் அதிகம் காணாத நல்ல குணம். சுத்தமான நீர் பூங்காக்களுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் சில கட்டடங்களின் கழிப்பறைகளுக்கும் போகிறது.

ஆலையைக் கட்ட ஏறத்தாழ 1.2 கோடி டாலர் செலவாயிற்று. பிகோ–கென்டர் வடிகாலுக்கு நீர் வரும் கென்டர் பள்ளத்தாக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகர எல்லைக்குள் இருப்பதால் அந்த நகரமும் செலவில் பங்கேற்றது. நீர் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே பணமும் வர வேண்டும் என்பது நியாயமான கணக்கு.

சிக்கல் பிறகு வந்தது. கடும் வறட்சி ஆண்டுகளில் மக்கள் தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரைக் குறைத்தார்கள். வடிகாலில் வரும் நீரும் குறைந்தது. சிக்கனத்தை வளர்ப்பதற்காகக் கட்டிய ஆலை, மக்களின் சிக்கனத்தாலேயே பாதி வேலையின்றி நின்றது. ஆகவே மழைக்கால நீரைப் பிடித்து வைக்கப் பியர் அருகே வாகன நிறுத்துமிடத்தின் கீழே 16 லட்சம் கேலன் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை அமைத்தார்கள். உப்புச் சுவை ஏறிய நீரையும் சுத்திகரிக்க ஆலையில் ஆர்.ஓ. கருவியையும் சேர்த்தார்கள்.

மதிப்பீடு தவறுவது இத்தகைய இடங்களில்தான். கடற்கரை மணலில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். பள்ளம் சரியாமல் சுற்றிலும் தடுப்பு நாட்டி, ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் கான்கிரீட் போட முடியும். தொட்டி காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் அதை அடியிலிருந்து மேலே தள்ளும். மண் எத்தனை உறுதி, நீர்மட்டம் எந்தப் பருவத்தில் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு சில துளைகளைப் போட்டுப் பார்த்துத்தான் வரைபடம் போடுகிறார்கள். தோண்டிய பிறகு, வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஒன்று குறுக்கே கிடந்தால் பொறியாளர் மறுபடி கணக்குப் போட்டே ஆக வேண்டும். இதற்காகவே ஒப்பந்தத் தொகையோடு, பெரும்பாலும் அதில் பத்து விழுக்காடு அளவுக்கு, எதிர்பாராச் செலவு நிதி என்று சேர்த்து வைப்பார்கள். அது தீர்ந்தால், அல்லது பணியின் அளவே கூடினால், நகரமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும்.

எனவே, கூடுதல் தொகை என்றவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. காரணம் என்ன என்று கேட்க வேண்டும். மண்ணுக்குள் எதிர்பாராதது கிடைத்தது என்றால் அதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. நகரமே புதிதாக ஒரு வேலையைச் சேர்க்கச் சொன்னால், அந்தப் பணம் புதிய வேலைக்கான கூலி. ஆனால் வரைபடத்தில் பொறியாளர் செய்த பிழையைத் திருத்தவே பணம் கேட்கிறார்கள் என்றால், அதை அவருடைய தொழில்முறைக் காப்பீடுதான் ஏற்க வேண்டும், வரி கட்டுபவர் அல்லர். மூன்றையும் ‘கூடுதல் பணி’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடும் அறிக்கையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

இனி, பணம் வரும் வழி. கலிபோர்னிய வாக்காளர்கள் 1996இல் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, சொத்துடன் தொடர்புடைய புதிய கட்டணத்துக்கு மக்களின் வாக்கு வேண்டும். குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. மழைநீர் வடிகாலும் ‘கழிவுநீர்’தானே என்று வாதிட்ட சலினாஸ் நகரத்திடம், இல்லை, அதற்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் அந்தச் சொல்லுக்கு மழைநீர் வடிகாலையும் உள்ளடக்கி விளக்கம் எழுதியது. ஆனாலும் அதை மட்டும் நம்பித் துணிந்து இறங்கிய நகரங்கள் குறைவு. ஒரு சொல்லின் பொருள் இத்தனை கோடி டாலரைத் தடுத்து நிறுத்துவதைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

சான்டா மோனிகா மக்கள் 2006 நவம்பரில் மூன்றில் இரு பங்கு வாக்கு தேவைப்பட்ட சொத்து வரி ஒன்றுக்குச் சம்மதம் தந்தார்கள். கடற்கரையையும் கடலையும் தூய்மையாக வைக்கும் பணிக்கு மட்டுமே அதைச் செலவிடலாம். 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் பெரும்பகுதியில் இன்னொன்று வந்தது: நீர் புகாத கூரை, சிமெண்டுத் தரை ஆகியவற்றின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஆண்டுக்கு இரண்டரை சென்ட். 2,000 சதுர அடி இருந்தால் 50 டாலர். மண்ணை மூடியவரே வழிந்தோடும் நீருக்குப் பொறுப்பு என்ற இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. இவற்றோடு மாநில மானியங்களும், 1987ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத் திருத்தத்தால் உருவான சுழல் நிதியின், அதாவது திரும்பி வரும் தவணையையே மறுபடி கடனாகத் தரும் நிதியின், குறைந்த வட்டிக் கடனும் உண்டு. கடனைத் திருப்பும் தவணையை எந்தக் கணக்கு ஏற்கிறது என்பதில்தான் மறைமுகமாகக் குடிநீர்க் கட்டணம் எட்டிப் பார்க்கக்கூடும்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: நகரமன்றத்துக்கு அதிகாரிகள் தரும் அறிக்கையின் கடைசிப் பகுதியில் நிதித் தாக்கம் என்ற தலைப்பின் கீழ், தொகை எந்தக் கணக்கு எண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். அறிக்கையை அங்கிருந்து பின்னோக்கிப் படிப்பது என் வழக்கம்.

கேள்வி: அந்த நீரைக் குடிக்கலாமா?
— அதே வாசகர்

பதில்: பியர் அருகே உள்ள ஆலையின் நீர் செடிக்கும் கழிப்பறைக்கும் உரியது, அதைக் கொண்டுபோகும் குழாய்களுக்கு ஊதா நிறம் கொடுத்திருப்பதே குடிநீர்க் குழாயோடு யாரும் தவறி இணைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.