கங்காருவும் கோவாலாவும் வெளிநாட்டு ஜூவில்: கேட்டவர்களுக்குப் பதில்

வெளிநாட்டு ஜூ ஒன்றில் பதினோரு வருஷம் கங்காரு, கோவாலா (தைல மர இலையைத் தின்று மரத்திலேயே வாழும் ஆஸ்திரேலியப் பிராணி) பிரிவில் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊட்டியில்தான் இவ்வளவு தைல மரம் இருக்கே, அங்கே கோவாலா வளர்க்கலாமே சார்?

மரம் இருந்தால் மட்டும் போதாதுங்க. தைல மரத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு; கோவாலா அதில் கொஞ்சத்தைத்தான் தொடும். நேற்று ஆசையாய்த் தின்ற இலையை இன்று முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் தினமும் மூன்று நான்கு வகைக் கிளைகளைப் புதிதாக வெட்டித் தண்ணீரில் செருகி வைப்போம். உள்ளே போவது நாளுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. வெட்டுவது அதைப்போல் பல மடங்கு. 1925லேயே கோவாலா வந்துசேர்ந்த அமெரிக்காவின் சான் டியாகோ ஜூ, இதற்காகவே தைல மரங்களை வளர்க்கிறது.

கங்காரு புல் தின்கிற பிராணி. அதைப் பராமரிப்பது சுலபம்தானே அண்ணா?

இல்லை தம்பி, அதற்கு ஆபத்தே வாயில்தான். முரட்டுக் காய்ந்த புல் ஈறைக் கீறும். சாணம் கிடக்கும் தரையில் தீவனம் போட்டால் அந்தக் கீறல் வழியாகக் கிருமி ஏறித் தாடை எலும்பையே அரித்துவிடும். 'லம்பி ஜா' என்போம். காலையில் உள்ளே போனதும் கன்னம் உப்பியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு கிழட்டுப் பெண் கங்காரு கேரட்டை வாயில் வைத்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தாடை புடைத்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பூனையையும் அண்ட விடக்கூடாது. பூனைக் கழிவில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமியைத் தாங்கும் சக்தி கங்காருக்களுக்கு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவுக்குப் பூனை போனதே வெள்ளைக்காரர்களோடுதான். தீவனக் கொட்டகைக் கதவைத் திறந்து போடாதீர்கள்.

பணம் கொடுத்து வாங்க முடியுமா?

ஆஸ்திரேலியாவிலிருந்து முடியாது. உள்நாட்டுப் பாலூட்டிகளை உயிரோடு வியாபாரத்துக்கு அனுப்ப 1999ஆம் வருஷச் சட்டம் இடம் தரவில்லை. ஜூக்களுக்குக்கூட அரசு அனுமதியோடுதான் போகும். 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தில் சாலையோரம் மீட்ட கங்காருக்களின் படம் பார்த்திருப்பீர்கள், எலும்பும் தோலுமாக. கள்ளச் சந்தையில் வாங்க ஆள் இருப்பதால் வந்த வினை அது.

வாத்து மாதிரி அலகுள்ள ஆஸ்திரேலியப் பிராணி பிளாட்டிபஸை எங்கே பார்க்கலாம்?

ஆஸ்திரேலியாவைவிட்டு அது வெளியே போனதே அபூர்வம். 1943இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்காகக் கப்பலேற்றியது கரை சேருமுன்பே இறந்துபோனது. 1947இல் நியூயார்க் பிராங்க்ஸ் ஜூவுக்கு மூன்று போயின. 2019இல் சிட்னியின் டரோங்கா ஜூவிலிருந்து சான் டியாகோ சஃபாரி பார்க்குக்கு ஒரு ஜோடி போனது. பார்க்க ஆசையென்றால் ஆஸ்திரேலியாவுக்கே போங்கள். விடியற்காலை ஓடைக்கரையில் சத்தம் போடாமல் உட்காருங்கள்.