சுவரில் கொசுத்தேனீ: உளி வேண்டாம், ஒரு முழம் குழாய் போதும்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் ஜன்னலோரச் சுவர் விரிசலில் இரண்டு வருடமாகக் கொசுத்தேனீ குடியிருக்கிறது. அடுத்த மாதம் சிமென்ட் பூச்சு வேலை தொடங்குகிறது. சுவரைக் கொத்தித் தேனீயைப் பெட்டியில் மாற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். பெட்டியை நானே செய்துகொள்ள முடியுமா? இணையத்தில் பார்த்த பம்பிள்பீ பெட்டி அளவு இதற்குச் சரிவருமா? மாடித்தோட்டத்தில் வைக்கத்தான் கேட்கிறேன். – வாசகர், திண்டுக்கல்

பதில்: அவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். பூச்சு வேலைக்காக இந்தக் கூட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கொசுத்தேனீ, அதாவது கொட்டாத அந்தக் குட்டித் தேனீ, சுவரைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வெற்றிடத்தில்தான் குடியேறுகிறது. நுழைவாயிலில் அரை இன்ச் ஹோஸ் பைப் ஒரு முழம் செருகி, அதைச் சுற்றிப் பூசச் சொல்லுங்கள். கொத்தனார் வேலையும் முடியும், தேனீயும் பிழைக்கும். பூச்சு காய்ந்தபின் பெட்டியை மாட்டப் போவதும் அதே குழாயில்தான்.

பம்பிள்பீ பெட்டியை மறந்துவிடுங்கள். அது குளிர்நாட்டுக் குண்டுத் தேனீ. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு, நம் ஊர்ச் சமவெளியில் கிடையாது. மாடியில் குண்டாக, கறுப்பாக ரீங்கரிப்பது மரத்தைத் துளைக்கும் தச்சுத்தேனீ. பாசியும் வைக்கோலும் அடைத்த அந்தப் பெட்டிகள் பிரிட்டன் தோட்டங்களிலேயே பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன.

ஆஸ்திரேலியக் கொசுத்தேனீப் பெட்டி வரைபடங்களும் நமக்கு ஆகாது. அங்குள்ள கூட்டம் பெரியது, பெட்டியும் ஏழெட்டு லிட்டர் இருக்கும். நம் தேனீ நான்கு மில்லிமீட்டர்கூட எட்டாது. பெரிய பெட்டியில் போட்டால் காலி இடத்தைப் பிசினால் அடைப்பதிலேயே அதன் உழைப்பெல்லாம் போய்விடும். எறும்பும் பல்லியும் அதற்குள் புகுந்துவிடும். நமக்கு வேண்டியது சுமார் இரண்டு லிட்டர் கொள்ளளவுதான்.

உள்ளளவு 30 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். உயரத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரே அளவில் இரண்டு தட்டுகளாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். பின்னாளில் கூட்டத்தை இரண்டாக்க இது உதவும். பலகை 2 செ.மீ. கனம் இருக்கட்டும். மெல்லிய பலகை வெயிலைத் தாங்காது. வெட்ட வேண்டியவை: 34க்கு 13 செ.மீ. பலகை இரண்டு, 34க்கு 3.5 செ.மீ. நான்கு, 9க்கு 3.5 செ.மீ. நான்கு. கீழ்த்தட்டின் ஒரு முனையில் 8 மி.மீ. வாசல் துளை போடுங்கள். எதிர்முனையில் ஹோஸ் பைப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு இன்னொரு துளை. இரண்டு தட்டையும் ஆணி அடித்துச் சேர்க்காதீர்கள். பழைய சைக்கிள் டியூப் பட்டையால் கட்டினால் போதும், இடுக்கைத் தேனீயே பிசின் வைத்து அடைத்துக்கொள்ளும்.

பலாவோ மாவோ எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். பிளைவுட், எம்.டி.எஃப். வேண்டாம், பசை வாடை மாதக்கணக்கில் நிற்கும். கரையான் மருந்து அடித்த பலகையும் கூடாது. பெட்டிக்குள் பெயின்ட், வார்னிஷ் எதுவும் பூசக் கூடாது.

இனி மாட்டும் முறை. பூச்சு முடிந்து, அதற்குத் தண்ணீர் விடும் நாட்களும் (கியூரிங்) முடிந்த பிறகு, தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பிய அந்தி நேரத்தில் செய்யுங்கள். வாசலில் அது கட்டியிருக்கும் பிசின் குழலை உடையாமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். பூச்சுக்கு முன்பே எடுத்துவிடுவீர்கள் என்பதால் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். குழாயின் வெளிமுனையைப் பெட்டியின் பின்துளையில் செருகி, பெட்டியை அசையாத தாங்கியில் அதே உயரத்தில் நிறுத்துங்கள். எடுத்துவைத்த பிசின் குழலைப் பெட்டியின் முன்வாசலைச் சுற்றி ஒட்டுங்கள். அந்த வாசனைதான் அதற்கு முகவரி. குழாய் கண்ணாடிபோல் இருந்தால் கறுப்புத் துணி சுற்றுங்கள், வெளிச்சம் பட்டால் தேனீ அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வேறு சந்து இருந்தால் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். ஒரு ஊசி இடுக்கு விட்டாலும் அது பெட்டியைத் தொடாமல் அந்த வழியாகவே போய்வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் பழைய இடத்தில் கூட்டமாகச் சுற்றும். பயப்பட வேண்டாம். அதன்பின் வேண்டியது பொறுமை மட்டும்தான். முதலில் பிசின் பூச்சும், பிறகு மகரந்தக் குடுவை, தேன் குடுவைகளும், கடைசியில் திராட்சைக் கொத்துபோல் புழு அறைகளும் வரும். சில கூட்டத்துக்கு மூன்று மாதம் போதும், சிலதற்கு வருடமே ஆகும். மாதம் ஒருமுறைக்கு மேல் திறக்காதீர்கள்.

குழாயை வெட்டிப் பெட்டியை எப்போது பிரிக்கலாம்? அறைகளின் நிறத்தைப் பாருங்கள். புதிதாக முட்டையிட்ட அறை அடர் பழுப்பாக இருக்கும். உள்ளே புழு வளர்ந்து கூடு கட்டியதும் வேலைக்காரத் தேனீக்கள் மேல் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுவதால் பழைய அறை வெளிறிப்போகும். இரண்டு நிறமும் சேர்ந்திருந்தால் பெட்டிக்குள் ராணி தொடர்ந்து முட்டையிடுகிறது என்று பொருள். அதற்குமுன் குழாயை வெட்டினால் உங்களிடம் இருப்பது பெட்டி நிறைய வேலைக்காரிகள் மட்டும்தான்.

பெட்டியோடு கூட்டம் விற்கும் இடைத்தரகர்கள் ஏமாற்றுவதும் இதில்தான். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீ, இத்தாலியத் தேனீ போலப் பாதி அடையை எடுத்துப் போட்டால் ராணி வளர்ந்துவிடும் என்று நினைத்தோ, தெரிந்தேயோ, நாலு குடுவையும் ஒரு கைப்பிடி புழு அறையும் போட்டு விற்றுவிடுகிறார்கள். புது ராணி வளரும் அறை ஒன்றாவது இல்லாத அந்தக் கூட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிச் செத்துப்போகும். கேட்டால், நீங்கள் பராமரிக்கவில்லை என்பார்கள். மூடியைத் திறந்து அடர் பழுப்பு அறைகளைக் காட்டாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். காட்டில் மரப்பொந்தைப் பிளந்து எடுத்த கூட்டமும் இப்படித்தான் சந்தைக்கு வருகிறது. பயிற்சி வகுப்புகளும் உதவுவதில்லை. புகை போட்டு, அடைச் சட்டங்களைத் தூக்கிப் பார்க்கும் பெரிய தேனீப் பெட்டியைக் காட்டிவிட்டு, கொசுத்தேனீயைக் கடைசிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வகுப்பில் கொடுத்த பெட்டிகளுக்குக் கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை பெட்டியில் உயிர் இருக்கிறது என்பதற்குக் கணக்கு எங்கே?

கொத்தி எடுக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, சுவரையே இடிக்கப் போகும்போது. பூசுவதற்காக அல்ல, இடிப்பதற்காக. அப்போதும் மழையிலும் சித்திரை வெயிலிலும் செய்யக் கூடாது. தை, மாசிக் காலை நேரம் நல்லது. புழுக் கொத்தைக் கரண்டியால் ஏந்தி, இருந்த நிலையிலேயே பெட்டியில் வைக்க வேண்டும். தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் குழைவான உணவின்மேல் முட்டை நட்டுவைத்ததுபோல் நிற்கிறது, கவிழ்ந்தால் அதற்குள்ளேயே மூழ்கிவிடும். ராணி வயிறு பருத்துப் பறக்க முடியாமல் இருக்கும். விரலால் பிடிக்காமல், அது நிற்கும் துண்டோடு எடுத்து வையுங்கள். பறக்கத் தெரியாத வெளிறிய இளந்தேனீக்களை மென்மையான இறகால் கூட்டிச் சேருங்கள். உடைந்த மகரந்தக் குடுவை ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது. அந்த வாடைக்குக் கூன்முதுகு ஈ வந்து முட்டையிடும், ஒரே வாரத்தில் கூடு புழுத்துவிடும். பெட்டியைப் பழைய வாசல் இருந்த இடத்திலேயே இருட்டும்வரை வைத்திருந்தால்தான் வெளியே போனவை வந்து சேரும். உங்கள் சுவர் இடியப்போவதில்லை. ஆகவே இது உங்களுக்கு இல்லை.

குழாயை வெட்டிய பெட்டியை மாடிக்கு உடனே கொண்டுபோகாதீர்கள். அவ்வளவு அருகில் வைத்தால் தேனீக்கள் பழைய சுவருக்கே திரும்பிவிடும். ராத்திரி வாசலை வலைத்துணியால் அடைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உறவினர் வீட்டில் மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு மாடிக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கிழக்கு பார்த்து வையுங்கள். 40 டிகிரி தாண்டும் வெயில் நேராகப் பட்டால் புழுக்கள் வெந்துவிடும். தாங்கியின் காலில் கிரீஸ் தடவி, எறும்பு ஏறாதபடி வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடத் தேனை எடுக்காதீர்கள்.