குரங்கு செத்தால் யாரிடம் சொல்வது?

வணக்கம் ஐயா,

நிபா வைரஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்து வைத்துத் தொற்றுநோய்களைச் சொல்லித்தரும் இணைய வகுப்புகள் இருப்பதாக அதில் ஒரு வரி வந்தது. அதைப் பார்த்துத்தான் ஒன்றில் சேர்ந்தேன். நான் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். பிள்ளைகள் தூங்கிய பிறகு கைபேசியில் பார்க்கிறேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் பிடிபடுகிறது. பாடத்தில் வருவதெல்லாம் எபோலா, ஆப்பிரிக்கா, பெரிய ஆய்வகங்கள், கணக்குப் படங்கள். எங்கள் ஊரில் இருப்பது மாடு, உண்ணி, குரங்கு, தேயிலை. "நர்ஸுக்கு எதுக்கும்மா குரங்குப் படிப்பு, ரெஜிஸ்டரை ஒழுங்கா எழுது" என்று கூட வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர் சொன்னார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. இதையெல்லாம் திரையில் பார்த்துப் படித்துவிட முடியுமா? படித்து நான் என்ன செய்துவிடப் போகிறேன்? போன வாரம் எஸ்டேட் ஓரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் கடந்து போனோம்.

ச., கூடலூர்

அன்புள்ள ச.,

கடைசியாக எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது. செத்த குரங்கை யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் போகவும் வேண்டாம், மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் விடவும் வேண்டாம். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கும் உங்கள் நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். கால்நடை மருத்துவர் தக்க பாதுகாப்போடு மாதிரி எடுத்தால் அது புனேயில் இருக்கும் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் வரை போகும். அந்த இடத்தைச் சுற்றி உண்ணி மருந்து தூவுவார்கள். அங்கே விறகு பொறுக்கப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள் யாருக்காவது அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் கண்டதா என்று கேட்டுப் பார்ப்பது உங்கள் பங்கு. போன வாரத்துக் குரங்கைப் பற்றி இன்றும் சொல்லலாம், சொல்லுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், கியாசனூர் காட்டு நோய். குரங்குக் காய்ச்சல் என்றால் உங்கள் பக்கம் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் அந்த நோயின் கதையிலேயே பதில் இருப்பதாக எனக்குப் படுவதால், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரபா தாலுகாவின் கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் ஆட்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். டைபாய்டு என்று முதலில் நினைத்தார்கள். அதே நாட்களில் காட்டுக்குள் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்துக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்தே வருவதை ஊர்க்காரர்கள் கவனித்திருந்தார்கள். கன்னடத்தில் இன்றும் அது குரங்கு நோய்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-ல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையத்துக்குச் செய்தி எட்டியபோது, அதன் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க்கும் அவரது குழுவினரும் வேறொன்றை அஞ்சினார்கள். தென்னமெரிக்காவில் குரங்குகள் செத்து விழுந்தால் மஞ்சள் காய்ச்சல் வருகிறது என்று பொருள். அந்தக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்ததே இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. மாதிரிகளிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அது மஞ்சள் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. ரஷ்யக் காடுகளில் உண்ணி வழியாகப் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு அது நெருங்கிய சொந்தமாக இருந்தது.

வைரஸ் கிடைத்துவிட்டது, சரி. அது எப்படி வாழ்கிறது என்பதற்கு ஆய்வகத்தில் விடை இல்லை. அதற்குக் காட்டில் உட்கார வேண்டியிருந்தது. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணிதான் இதன் முக்கிய வாகனம். மழை ஓய்ந்தபின் குஞ்சு உண்ணிகள் வருகின்றன. அவை காட்டு எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவைகள் மேல் ஏறுகின்றன. அடுத்த பருவத்து இளம் உண்ணி ஊசிமுனை அளவுதான் இருக்கும். குரங்கையும் மனிதரையும் கடிப்பது பெரும்பாலும் அதுதான். அது மிகுதியாகத் திரிவது டிசம்பர் முதல் மே வரை. மலைநாட்டு மக்கள் சருகு வாரவும் விறகு சேர்க்கவும் காட்டுக்குள் போவதும் அதே மாதங்களில்தான். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய உடம்பு வேண்டும், அதற்கு மாடு கிடைக்கிறது. மாட்டுக்கு இந்த வைரஸால் நோய் வருவதில்லை, ஆனால் ஊர் மாடுகள் காட்டில் மேய மேய உண்ணிகள் பெருகுகின்றன. குரங்கு செத்து விழுந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் சுற்றிலும் இறங்கி அடுத்த உடம்புக்குக் காத்திருக்கின்றன. மேலே "பக்கத்தில் போக வேண்டாம்" என்று சொன்னது இதனால்தான். ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹோர்ஹே போஷெல், கொலம்பியாக்காரர். தன் நாட்டில் மரம்வெட்டிகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஏன் வருகிறது என்று தேடிப்போனவர். பெரிய மரம் ஒன்று சாய்ந்தபோது, உச்சிக் கிளைகளில் வாழும் நீலக் கொசுக்கள் அதோடு கூட்டமாகக் கீழே வந்து மொய்ப்பதை நேரில் கண்டார். காட்டின் மேல்தளத்தில் குரங்குகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்த நோய், மரம் வீழ்ந்ததும் மனிதருக்கு இறங்குகிறது. பின்னாளில் அவர் ஷிமோகாவுக்கு வந்து அதே கண்ணோடு இந்தக் காட்டைப் பார்த்தார். காடு வெட்டப்பட்ட விளிம்பு, அங்கே அடர்ந்த உண்ணிச்செடி (லாண்டானா) புதர், புதருக்குள் சிற்றுயிர்கள், அங்கே மேயும் மாடு என்று அவர் 1969-ல் எழுதிய கட்டுரை போகிறது. வைரஸ் வேறு, பூச்சி வேறு, கண்டமே வேறு. அவர் கையோடு கொண்டுவந்தது கேள்வி கேட்கும் முறையை மட்டும்தான்.

உங்கள் பாடத்தில் எபோலா வந்தால் எரிச்சல்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அவர்தான் ஆதாரம். காங்கோவின் வௌவாலும் கூடலூரின் உண்ணியும் வேறு வேறு. ஆனால் பாடம் கேட்கும் கேள்விகளை எடுத்து உங்கள் ஊருக்குக் கேட்கலாம்: வைரஸ் ஆண்டு முழுவதும் எந்த உயிரில் தங்குகிறது? எதில் பெருகுகிறது? எந்த வேலை செய்பவருக்கு, எந்த மாதத்தில் வருகிறது? நிலத்தில் அண்மையில் என்ன மாறியது? ஒவ்வொரு பாடம் முடிந்ததும் குரங்குக் காய்ச்சலுக்கு இவற்றின் விடை என்ன என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். பத்து நோய்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் மலையின் ஒரு நோயை அடிவரை தெரிந்துகொள்வது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற கேள்வி எவ்வளவு வலியது என்பதற்கு மலேசியாவைப் பாருங்கள். 1998-ல் பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைகளில் பன்றிகள் ஊருக்கே கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் திசை மாறியது; நிபா என்று பெயர் பெற்றது அதுதான். அதற்குள் நோய் தெற்கே பரவியிருந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைகளுக்குள்ளேயே பழமரங்கள், மரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால்கள், அவை கடித்துப் போட்ட பழத்தைத் தின்னும் பன்றிகள் என்ற தொடர் பிறகு புலப்பட்டது. குழந்தைகளுக்கு ஏன் வரவில்லை என்பதைக் கவனிக்க ஆய்வகம் வேண்டாம். வீடு வீடாகப் போகும் ஒருவர் போதும். உங்களைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மூத்தவருக்கான பதிலும் இதில் இருக்கிறது. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ரெஜிஸ்டர் ஒழுங்காக இல்லாவிட்டால் டிசம்பரில் காய்ச்சல் கூடியதா என்றே தெரியாது. அதே ரெஜிஸ்டரில் காய்ச்சல் என்று எழுதும் இடத்தில் காட்டுக்குப் போனாரா, எப்போது, உண்ணி கடித்ததா, வீட்டு வாசலில் சருகுக் குவியல் உண்டா என்று நாலு சொல் கூட எழுத இந்தப் படிப்பு சொல்லித்தரும். கர்நாடகத்தில் நோயாளிகளையும் நோய் வராத அண்டை வீட்டாரையும் ஒப்பிட்டு விசாரித்தபோது காட்டுக்குப் போனதும் சருகுக் குவியலும் வேறுபாடாக வந்தன. இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்தவருக்குச் சில நேரம் மறுபடி காய்ச்சலும் தலைவலியும் மனக்குழப்பமும் வரும். முதல் காய்ச்சல் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் இரண்டாவது புதிய நோயாகத்தான் தெரியும்.

பாடங்களில் எனக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்று நலம் என்று தலைப்பில் இருக்கும். உள்ளே போனால் மருத்துவரும் கால்நடை மருத்துவரும் பேசுவார்கள். மூன்றாவது நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும். சூழல் என்றால் தட்பவெப்பம் பற்றி ஒரு பகுதி, அதோடு சரி. நிலத்தை யார் மாற்றினார்கள், யார் அதில் கூலிக்குப் போனார்கள் என்ற பேச்சு வராது. 1982-83-ல் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி தாலுகாவில் முந்திரி நடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். அதையொட்டி வந்தது இந்த நோயின் மிகப் பெரிய தாக்குதல்களில் ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், 100-க்கும் மேற்பட்ட சாவுகள். அதைத் தடுக்கும் வாய்ப்பு எந்த மருத்துவமனையிலும் இருக்கவில்லை. காட்டை வெட்டலாமா என்று முடிவெடுத்த மேசையில் இருந்தது. அங்கே உண்ணியைப் பற்றித் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். பிறகு கோவாவின் சத்தாரியிலும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் இந்த நோய் வந்தபோதும் முந்திரித் தோட்டங்கள் கதைக்குள் இருந்தன.

உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2012 இறுதியில் பந்திப்பூரில் குரங்குகள் செத்தன, அவற்றை அப்புறப்படுத்தி எரித்தவர்களில் சிலருக்கு நோய் கண்டது. அந்தச் சமயத்தில் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் இருந்தது உறுதியானது. 2015-ல் வயநாட்டில் சுமார் 100 பேருக்கு வந்தது, பலர் காட்டை நம்பி வாழும் பழங்குடியினர், 11 பேர் இறந்தார்கள். வைரஸுக்கு மாநில எல்லை தெரியாது. அறிக்கைகளுக்குத் தெரியும், அதனால் வயநாட்டின் முத்தங்கா பக்கம் நடப்பது உங்களுக்கு வர நாளாகலாம். இந்த இடைவெளியில்தான் இணையம் உண்மையாக உதவும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திர நோய்ப்பரவல் அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. வயநாடு, சாமராஜநகர், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களை மட்டும் தேடிப் பாருங்கள். பெங்களூரில் உள்ள கால்நடை நோய்த் தகவல் நிறுவனமான நிவேதி, மாவட்டவாரியாகக் கால்நடை நோய்களுக்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அதையும் பாருங்கள். இவற்றைப் படிக்கத் தெரிவதற்குத்தான் வகுப்பு வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துரையைத் தரவிறக்கி முதலில் படியுங்கள், பிறகு காணொளியைப் பாருங்கள். கணக்குப் படங்கள் வரும் பகுதியை முதல் முறை தாண்டிப் போய்விடலாம், ஒரு நோயாளியிலிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவும் என்ற எண் ஒன்றைப் புரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். குரங்குக் காய்ச்சலில் மனிதரிடமிருந்து மனிதருக்கு அந்த எண் பூஜ்யம். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஏன் திரும்பி வருகிறது என்று யோசித்தால் பாடத்தின் பாதி தானாக விளங்கும். சான்றிதழுக்குப் பணம் கேட்டால், பதவி உயர்வுக்குப் பயன்படுமா என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல் செய்ய ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதியின் கால்நடை உதவி மருத்துவர், வனக்காப்பாளர், சுகாதார ஆய்வாளர், எஸ்டேட் மருந்தகத்தில் இருப்பவர், இந்த நால்வரையும் உங்களையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு தொடங்குங்கள். மருத்துவ அலுவலரிடம் சொல்லி அவர் பேரில் தொடங்கினால் இன்னும் நல்லது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குரங்கு செத்தால், மாட்டில் உண்ணி மிகுந்தால், ஒரே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் அதில் ஒரு வரி போடலாம். நவம்பர் கடைசிக்குள் குழு இயங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்குள் போன வாரத்துக் குரங்குக்கு என்ன ஆனது என்றும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.