இரட்சிப்பு முந்தியா, கீழ்ப்படிதல் முந்தியா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இரட்சிப்பு கிருபையினால்தான் என்றால் பத்துக் கட்டளைகள் எதற்கு?

பதில்: யாத்திராகமத்தை வரிசையாக வாசியுங்கள் தம்பி. 12ஆம் அதிகாரத்தில் பஸ்கா, அதாவது ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளில் தலைப்பிள்ளைகள் சாவுக்குத் தப்பிய இரவு, 14இல் செங்கடல், கட்டளைகள் வருவதோ 20இல்தான். அதுவும், உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர் நானே என்றுதான் ஆரம்பிக்கிறது. இதையெல்லாம் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று எகிப்தில் எந்தப் பேரமும் நடக்கவில்லை. செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஜனங்களின் கூக்குரலைக் கேட்டு அவரே இறங்கி வந்தார்.

கேள்வி: ஆனால் இரத்தம் பூசாத வீடு தப்பியிருக்காதே? அதுவும் ஒரு கிரியைதானே?

பதில்: நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நிற்போம். ஈசோப்புச் செடியின் கொத்தைக் கிண்ணியில் இருந்த இரத்தத்தில் தோய்த்து, இரண்டு நிலைக்கால்களிலும் மேலே நிலைச்சட்டத்திலும் பூச எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த வேலைக்குக் கூலியாகவா தலைப்பிள்ளையின் உயிர் கிடைத்தது? செத்தது ஆட்டுக்குட்டி. அவர்கள் செய்தது சொன்னதை நம்பியதுதான், நம்பாதவன் அந்தக் கொத்தைக் கையில் எடுத்திருக்கவே மாட்டான். நம் வீடுகளில் 'சொன்னால் கேட்கிற பிள்ளை' என்றால் காதில் வாங்குகிற பிள்ளை மட்டுமா? செய்கிற பிள்ளை. எபிரெயத்தில் 'ஷமா' என்ற சொல்லும் இப்படித்தான், கேட்பதும் கீழ்ப்படிவதும் அதற்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

கேள்வி: மனுஷன் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலே நீதிமானாகிறான் என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிறது யாக்கோபு 2:24. இரண்டும் மோதவில்லையா?

பதில்: மோதுவதுபோல் தெரியும். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே 1522இல் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இதில் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். பவுலும் யாக்கோபும் காட்டுவது ஒரே ஆபிரகாமைத்தான். பவுல் ஆதியாகமம் 15ஐ எடுக்கிறார், நட்சத்திரங்களைப் பார்த்து நம்பிய இரவு. யாக்கோபு 22க்குப் போகிறார், மகன் ஈசாக்கை மோரியாவில் பலிபீடத்தில் கிடத்திய நாள். அந்த இரவில் நம்பியது நிஜம் என்று பல வருடம் கழித்து மோரியாவில் தெரிந்தது.

கேள்வி: கத்தோலிக்கர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா?

பதில்: 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே என்று இரண்டு பேரும் சொன்னார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் சின்ன விஷயமும் இல்லை.

கேள்வி: இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, இரட்சிக்கப்பட்ட கள்ளன் எதற்குக் கீழ்ப்படிந்தான்?

பதில்: கையும் காலும் அசையாது, மிச்சம் இருந்தது வாய் மட்டும். அதைக்கொண்டு மற்றக் கள்ளனைக் கடிந்துகொண்டு, இயேசு குற்றம் செய்யாதவர் என்று சாட்சி சொன்னான்.

கேள்வி: நான் திரும்பத் திரும்ப விழுகிறேன். இரட்சிப்பை இழந்துவிட்டேனோ என்று தூக்கமே வரவில்லை.

பதில்: சகோதரி, பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். இயேசு மறுபடி கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன். விசாரணை எதுவும் இல்லை, சாப்பிட வாருங்கள் என்றார். சாப்பிட்டு முடித்த அப்புறம்தான் என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வியும், ஆடுகளை மேய்க்கிற வேலையும். இன்றைக்கு யோவான் 21ஐ வாசித்துவிட்டுப் படுங்கள். நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.