18,000 படங்களில் நரி எங்கே?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் தானியங்கி கேமராக்கள் மூன்று கட்டினேன். ஒரே மாதத்தில் 18,000 படங்கள், முக்கால்வாசி வெறும் கோரைப்புல். நரி வந்ததா என்று கணினியே பார்த்துச் சொல்லுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: சொல்லும். ஆனால் எடுத்ததும் ‘என்ன விலங்கு’ என்று அதைக் கேட்காதீர்கள். ‘விலங்கு இருக்கிறதா’ என்று மட்டும் கேளுங்கள்.

அதற்கு மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விலங்கு, மனிதர், வாகனம் மூன்றையும் கட்டம் கட்டிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் ஓடும். என்ன, இரண்டு மூன்று நாள் ஓடவிட வேண்டியிருக்கும். மதிப்பெண் வரம்பை 0.2 அளவில் வையுங்கள். 0.8 வைத்தால் குப்பை குறையும், சரி. புல்லுக்குள் வால் மட்டும் தெரிகிற நரியும் சேர்ந்து போய்விடும். ‘காலி’ என்று ஒதுக்கியதிலிருந்து ஒரு 200 படங்களைக் கண்ணால் புரட்டிப் பாருங்கள்.

ஒரே இடத்தில் ஒரே அளவுக் கட்டம் திரும்பத் திரும்ப வந்தால் அது விலங்கல்ல. சேற்றில் பாதி புதைந்த டயர் ஒன்று என் படங்களில் நூற்றுக்கணக்கான தடவை விலங்காகியிருக்கிறது!

அப்புறம் இனப்பெயர். அதைச் சொல்ல, கூகுள் 2025இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஸ்பீசீஸ்நெட் என்ற மென்பொருள், 6.5 கோடிக்கும் மேற்பட்ட படங்களில் பயின்றது. இருந்தும் உங்கள் ஊர் விஷயத்தில் அதை முழுதாக நம்பமாட்டேன். படங்களில் பயின்ற இந்தக் கணினி மாதிரிகள் (models) விலங்கோடு பின்னணியையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றன. பழகாத இடத்தில் தடுமாறும் என்று 2018இலேயே ஆய்வு காட்டிவிட்டது. இரவுப் படத்தில் நிறமும் கிடையாது. நாயா நரியா என்பதற்கு வாலைப் பாருங்கள். நரிக்குப் புசுபுசுவென்று நுனி கறுத்துக் கீழே தொங்கும். நம் தெருநாய்க்குப் பெரும்பாலும் மேலே சுருண்டிருக்கும். மூன்று கேமராப் படங்களை வைத்துச் சொந்தமாக மாதிரி பயிற்றுவிக்க ஆசைப்படாதீர்கள், வீண் வேலை.

மீன்வலைக்குப் போகிறவர்கள் விழுந்த படங்களை முதலிலேயே அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

அந்தக் கோரைக்கு வருவோம். கேமராவின் உணரி பார்ப்பது வெப்ப வித்தியாசம் நகர்வதை. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே போதும், படம் எடுத்துவிடும். உச்சி வெயிலில் தரையும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் எதிரே நிற்கிற நரியையே விட்டுவிடவும் செய்யும். லென்ஸுக்கு முன்னால் உள்ள கோரையை அறுத்துவிட்டு, கேமராவை வடக்குப் பார்க்கக் கட்டுங்கள்.